நடுவில் வைத்தால் கேட்காது

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அம்மா கைப்பையைத் திறந்து ஒரு பென் டிரைவையும் நான்காக மடித்த தாளையும் எடுத்து மேசைமேல் போட்டாள். போட்ட விதத்தைப் பார்த்தால் இரண்டும் வழியில் மிதிபட்டுச் செத்த பூச்சிகள் என்றுதான் தோன்றும்.

"இந்தா. கேட்டு வாங்கிட்டு வான்னு உயிரை எடுத்தல்ல. வாங்கிட்டு வந்துட்டேன்."

"குடுக்க மாட்டேன்னு இழுத்தடிச்சாங்களா?"

"எங்க. சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க. அதுல ஒண்ணுமே கேக்காதாம். வேணும்னா வீட்டுல வச்சு அழகு பாருங்கம்மான்னு கிளார்க்குத் தம்பி சொல்லுது. பக்கத்துல நின்னவங்க எல்லாம் ஒரே சிரிப்பு."

டிகிரி தாளைப் பிரித்தாள். டிகிரி என்பது அவள் பெயரில்லை. அக்காவின் கணவர் வைத்தது. இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் சேர்த்து எண்ணினாலும் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். பட்டம் வாங்கி வந்த அன்று அத்தான் நாற்காலியைத் துடைத்துவிட்டு, "உக்காருங்க டிகிரி, மோர் குடிக்கிறீங்களா டிகிரி" என்று ஆரம்பித்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்று வருடம் இயற்பியல் படித்தவள் ஜெராக்ஸ் கடையில் தாள் அடுக்கும் வேலைக்குப் போனபோது அந்தப் பெயரின் ருசி அத்தானுக்கு இன்னும் கூடிப்போனது. அவளும் கழற்றி எறியவில்லை. உழைத்து வாங்கியதுதானே, கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

தாளில் அச்சடித்திருந்தது, 'சாட்சியின் வாக்குமூலச் சுருக்கம்.' அவள் வாசிக்க வாசிக்க, காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை பாதியில் நின்றது.

'சம்பவம் நடந்த நேரத்தில் நான் அந்த இடத்தில் இல்லை. இயந்திரத்தின் கம்பிக் கவசத்தைக் கழற்றியது யார் என்று எனக்குத் தெரியாது. காயம்பட்ட தொழிலாளி வேலையில் கவனமற்றவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒலிப்பதிவு பழுதாகிவிட்டபடியால் மேற்கண்ட சுருக்கமே என் வாக்குமூலம் என ஒப்புக்கொள்கிறேன்.'

கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அருகே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி, இங்கே போடு என்று காட்டுவதற்கு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்தோடு வர வேண்டும்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லையே" என்றாள் அம்மா.

"என்ன சொன்னே?"

"நடந்ததைச் சொன்னேன்."

நடந்தது இதுதான். அம்மா வேலை பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். துவைத்த படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்து நேராக்கி, சூடான உருளைக்குள் விடுவார்கள். உருளைக்கு முன்னால் விரல் போகாதபடி ஒரு கம்பிக் கவசம். கவசம் இருந்தால் ஒவ்வொரு விரிப்பையும் பார்த்துப் பார்த்து நுழைக்க வேண்டும். கழற்றிவிட்டால் சரசரவென்று போகும். ஒரு மாதத்துக்கு முன்பு விரிப்பு மலைபோலக் குவிந்துவிட, சூப்பர்வைசர் வந்து கவசத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். மறுநாள் அம்மாவோடு சேர்ந்து விரிப்பு பிடித்துக்கொண்டிருந்த ஒல்லியின் வலது கை உள்ளே போய்விட்டது. ஒல்லி என்பவள் அம்மாவைவிடப் பத்து வயது இளையவள், பெயருக்கேற்ற உடம்பு, வாய் மட்டும் நாலு ஆள் அளவு. இப்போது அவள் வீட்டில் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கிடக்கிறாள். அவளே கவசத்தைக் கழற்றினாள், அவளே கையை விட்டாள், எனவே வேலையிலிருந்து நீக்கலாம் என்று ஒரு விசாரணை. பார்த்த சாட்சி அம்மா ஒருத்திதான்.

அம்மா கையெழுத்துப் போட்டால் ஒல்லியின் கதை அந்தப் பென்சில் குறியோடு முடிந்தது.

டிகிரியை எரித்தது வேறொன்று. அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது அவள் பெயர் ஒன்றுதான். அதைக் கற்றுக்கொடுத்ததே டிகிரி, ஆறாவது படிக்கும்போது, பழைய காலண்டரின் பின்பக்கத்தில். அம்மா எழுதும் அந்த ஒரே சொல்லைக் கேட்டு வாங்கித்தான் இந்தப் பொய்க்கு முட்டுக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

"அன்னைக்குப் பதிவு பண்ணாங்கல்ல? எப்படிப் பண்ணாங்க?"

"மேடையில பேசுவாங்களே, அந்த மாதிரி தடியா ஒரு மைக். அதோட ஒயர் அந்தக் குட்டி மெஷின்ல சேரல. வேற எங்கேயோ இருந்து ஒரு துண்டு ஒயரைக் கொண்டாந்து நடுவுல மாட்டினாங்க. நான் முப்பத்தெட்டு நிமிஷம் பேசினேன். தண்ணிகூடக் குடுக்கல."

"பாத்துக்கறேன். நீ சாப்பிடு."

பாத்துக்கறேன் என்று சொல்வது சுலபம். பார்க்க வேண்டிய பெட்டி அப்படி. ஜெராக்ஸ் கடைக்காரர் குப்பைக்கு அனுப்ப இருந்த கம்ப்யூட்டர் அது. ஊரெல்லாம் ஓட்டும் மென்பொருளை ஏற்றினால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். அதனால் டிகிரி அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றியிருந்தாள். காசு கேட்காது, பழைய பெட்டி என்று முகம் சுளிக்காது. ஆனால் ஒன்று கோளாறு என்றால் யாரையும் கூப்பிட முடியாது, நாமே உட்கார்ந்து குடைய வேண்டும். குடைவதில் அவளுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

பென் டிரைவைச் செருகி ஓடவிட்டாள். சத்தம் இல்லை. ஒரு பழைய பாட்டை ஓடவிட்டாள். அதிலும் இல்லை.

கதவருகில் செருப்புச் சத்தம். அக்காவைக் கொண்டுவந்து விட வந்த அத்தான், வாசலில் நின்றபடியே நிலைமையைப் புரிந்துகொண்டார். அவர் மொபைல் கடையில் விற்பனையாளர். எதைப் பார்த்தாலும் இதற்குப் பதிலாக வேறொன்று வாங்கலாம் என்பதுதான் அவர் கருத்து.

"என்ன டிகிரி, ஓசியில வந்த பெட்டிக்கு ஓசை வேற வேணுமா?"

"அத்தான், போன மாசம் நீங்க குடுத்த மானிட்டர் வந்ததுக்கப்புறம்தான் இது ஊமையாச்சு."

"குடுத்ததுக்குக் கிடைக்கிற மரியாதையைப் பாரு" என்று அவர் அக்காவிடம் சொன்னார். அக்கா காதில் வாங்காமல் சமையலறைக்குப் போனாள்.

முதலில் நம் வீட்டு ஊமையைப் பேச வைக்க வேண்டும், அப்புறம்தான் அவர்கள் ஊமை. டிகிரி ஒலி அமைப்பைத் திறந்தாள். சத்தம் எங்கே போகிறது என்ற இடத்தில் மானிட்டரின் பெயர் இருந்தது. அத்தான் கொடுத்த திரைக்குப் போகும் கேபிள் படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே சுமக்கும் வகை. அந்தத் திரையிலோ ஸ்பீக்கரே கிடையாது. ஒரு மாதமாக இந்தப் பெட்டி வாயில்லாத ஒன்றிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. காதொலிப்பான் செருகும் துளைக்கு மாற்றி, காதொலிப்பானைக் காதில் செருகிக்கொண்டாள்.

இன்னும் சத்தமில்லை.

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடித்தாள். ஒலி அளவுகள் குச்சி குச்சியாக வந்து நின்றன. முதல் குச்சி முழு உயரத்துக்கு நிறைந்திருந்தது, ஆனால் அதன் காலடியில் இரண்டு எம் எழுத்துகள். அதாவது அளவு முழுசு, வாய் மட்டும் கட்டிப் போட்டிருக்கிறது. விசைப்பலகையில் எம் விசையை ஒரு தட்டு. எழுத்துகள் போய் பச்சை வந்தது. ஒலிச் சேவையை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். பிறகு ஒலிச் சோதனைக் கட்டளை. அவள் காதில் ஒரு பெண் ஆங்கிலத்தில், முன் இடது, முன் வலது, முன் இடது, முன் வலது என்று அலுப்பில்லாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"வந்துடுச்சு."

அம்மா தட்டோடு எழுந்து வந்தாள். டிகிரி விசாரணைக் கோப்பை ஓடவிட்டாள். நொடிகள் நகர்ந்தன. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எங்கோ தூரத்தில் மணல் சலிப்பதுபோல ஓர் இரைச்சல், அவ்வளவுதான். நடுவில் தள்ளிப் பார்த்தாள், கடைசியில் தள்ளிப் பார்த்தாள். மணல்தான்.

அவள் முகத்தைப் பார்த்தே அத்தான் புரிந்துகொண்டார். "நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க அத்தை. அவங்க பொய் சொல்லலை, நிஜமாவே பதிவாகலை. திங்கக்கிழமை உங்க வாக்கு ஒரு பக்கம், அவங்க தாள் ஒரு பக்கம்னு நின்னா யாரை நம்புவாங்க? கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா வேலையைப் பாருங்க. அந்த ஒல்லிக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"அவ கையை வெளியில இழுத்தது நானு" என்றாள் அம்மா. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அத்தான் வாசல் பக்கம் திரும்பினார். போகும்போது, "நாளைக்கு எதாவது வேணும்னா போன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். டிகிரி என்ற சொல்லைச் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் டிகிரி அந்தக் கோப்பை ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்தாள். காதால் கேட்காததைக் கண்ணால் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம். வெறும் கோடு வந்தால் அத்தான் சொன்னதுதான் சரி.

வெறும் கோடு வரவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டிலும் மலையும் பள்ளமுமாக நெடுக அலை. யாரோ பேசுகிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். முப்பத்தெட்டு நிமிடத்துக்கும் பேச்சு அடைத்துக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் காணோம்.

"அம்மா, நீ பேசினது அத்தனையும் இதுல இருக்கு."

"அப்ப ஏன் கேக்கல?"

"அதைத்தான் பாக்கறேன்."

பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஒரு சொல் திரையளவுக்கு விரிந்ததும் அவள் நாற்காலியிலேயே நிமிர்ந்தாள். மேல் பட்டையில் அலை ஏறும் இடத்தில் கீழ்ப் பட்டையில் அதே அளவு இறங்கியது. மேலே இறங்கினால் கீழே ஏறியது. தண்ணீரில் தெரியும் நிழல் மாதிரி, அச்சு அசல் தலைகீழ். அந்தத் துண்டு ஒயரின் வேலை. மேடை மைக் ஒரே குரலை நேராக ஒன்றும் தலைகீழாக ஒன்றுமாக இரண்டு கம்பியில் அனுப்பும். குட்டி இயந்திரம் அவற்றை இடது, வலது என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஐந்தையும் கழித்தல் ஐந்தையும் கூட்டினால் என்ன வரும் என்பதற்கு மூன்று வருடப் படிப்பு தேவையில்லை.

ஆனால் யார் கூட்டியது? இடது வலது இரண்டும் தனித்தனியாக வந்தால், ஒரு காதில் கேட்டாலே குரல் தெளிவாக இருக்க வேண்டும். அவளிடம் இருந்ததும் ஒரு காதுதான். காதொலிப்பானின் இடது பக்கம் கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே செத்துவிட்டது.

செத்த இடது காது. நேற்று சோதனைக்காரி 'முன் இடது' என்றதும் கேட்டது, 'முன் வலது' என்றதும் கேட்டது. ஒரே காதில் இரண்டும் எப்படிக் கேட்கும்?

வீட்டுக் கோப்புறைக்குள் போய், தான் எப்போதோ தொட்டு மறந்த ஒலி அமைப்புக் கோப்பைத் திறந்தாள். கடைசியில் ஒரு வரி. அதற்கு மேலே குறிப்பாக அவளே எழுதி வைத்தது:

'இடது காது செத்துப்போச்சு. ரெண்டையும் கூட்டி ஒரே காதுக்கு அனுப்பு. புதுசு வாங்கினதும் இதை அழிச்சிடணும்.'

பாடக் காணொளிகளை ஒற்றைக் காதில் கேட்டுப் பாஸான காலத்தில் எழுதியது. புதுசு வாங்கவே இல்லை. நேற்று ஒலிச் சேவையை மறுபடி கிளப்பியபோது இந்த வரியும் எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அம்மாவின் குரலை இந்த வீட்டில் முழுங்கியது அவளே எழுதிய வரி.

அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்று வரியை அழித்து, ஒலிச் சேவையை மறுபடி கிளப்பினாள்.

"அம்மா, இங்க வா. விரிப்பை ரெண்டு பேர் இழுப்பீங்கல்ல. நீ உன் பக்கம் இழுக்கறே. ஒல்லி அதே பலத்தோட அவ பக்கம் இழுக்கறா. துணி நகருமா?"

"நகராது."

"தூரத்துல இருந்து பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"சும்மா நிக்கிறாளுங்கன்னு நினைப்பான். எங்க சூப்பர்வைசர் தினமும் அப்படித்தான் நினைக்கிறான்."

"இதுலயும் அதான். ஒருத்தரை விடச் சொல்லிட்டேன். இப்பக் கேளு."

உயிரோடிருந்த வலது பக்கத்தை அம்மாவின் காதில் செருகி ஓடவிட்டாள். அம்மா முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரோ வந்துவிட்டார்கள் என்று. பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். முகத்தில் என்ன ஓடுகிறது என்று டிகிரியால் படிக்க முடியவில்லை.

"இது நானா?"

"பின்ன யாரு."

"நான் நடுங்கி நடுங்கிப் பேசினேன்னு நினைச்சிட்டு இருந்தேன்டி." காதைப் பொத்திய கையை எடுக்காமலே சொன்னாள். "எவ்ளோ தெளிவா பேசியிருக்கேன் பாரு."

டிகிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவங்க வேணும்னே கெடுக்கலம்மா" என்றாள். "ஒயரு தப்பு. அங்கயும் எதுவோ ரெண்டையும் கூட்டுது. அந்தத் தப்பு அவங்களுக்கு வசதியா இருந்துச்சு. அதனால யாரும் ஏன்னு கேக்கல."

அன்று மாலைக்குள் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து வேறு கோப்பாக வைத்துக்கொண்டாள். பிறகு முழுப் பதிவையும் இன்னொரு முறை தானே கேட்டாள். பன்னிரண்டாம் நிமிடம் வந்ததும் நிறுத்தி, நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை இருவரும் போனார்கள். விசாரணை அறை ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில். கண்ணாடி போட்ட மேசை, அதற்கடியில் பல வருடத்து விசிட்டிங் கார்டுகள், ஓரத்தில் தூசு படிந்த பிளாஸ்டிக் பூ. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. பக்கவாட்டில் சூப்பர்வைசர், கால்மேல் கால். எதிரே இரண்டு காலி நாற்காலிகள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"துணைக்கு ஆள் எதுக்கும்மா?" என்றார் அதிகாரி.

"வாசிக்கத் தெரியாதவங்க துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு, விசாரணைக்கு வரச்சொல்லி நீங்க அனுப்பின நோட்டீஸ்லயே போட்டிருக்கு" என்றாள் டிகிரி. "ரெண்டாம் பக்கம், கீழே, பொடி எழுத்துல."

"சரி சரி. தாளைக் குடுங்க."

"அம்மா கையெழுத்துப் போடல. அதுல இருக்கறது அவங்க சொன்னது இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குரலில் கோபமே இல்லை, பழக்கமான பொறுமை. "இதோ பாரும்மா. நான் இவங்க பக்கமும் இல்ல, உங்க பக்கமும் இல்ல. நடுவுல உக்காந்திருக்கேன். பதிவு இருந்தா போட்டுக் கேட்டிருப்பேன். இல்லாததுக்கு நான் என்ன பண்ண?"

"இப்ப ஒரு தடவை போடுங்க."

அவர் தலையசைக்க, மூலையில் இருந்த கிளார்க் கோப்பைத் திறந்தார். டிகிரி எட்டிப் பார்த்தாள். திரையின் கீழே அவள் வீட்டில் தினமும் பார்க்கும் அதே பட்டை, அதே சின்னங்கள். இங்கேயும் லினக்ஸ்தான். பக்கத்தில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒற்றை ஸ்பீக்கர், இடதையும் வலதையும் ஒரே வாய்க்குள் கொட்டிக்கொள்ளும் வகை. கூட்டியவர் யார் என்பது தெரிந்துவிட்டது.

மணல் சலித்தது. கிளார்க் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"திருப்தியா?" என்றார் சூப்பர்வைசர்.

"என்கிட்ட கேக்கற மாதிரி ஒரு காப்பி இருக்கு."

"அதெல்லாம் எடுத்துக்க முடியாது" என்று அதிகாரி உடனே சொன்னார். "வெளியில போய் வந்த கோப்பு. வெட்டி ஒட்டியிருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லியா தரணும்."

"அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும். அதான் அதைப் பையை விட்டே வெளியில எடுக்கல." டிகிரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "உங்க கோப்பு, உங்க கம்ப்யூட்டர், உங்க ஸ்பீக்கர். நான் எதையும் தொட மாட்டேன். உங்க கிளார்க்கே ஒரே ஒரு வேலை பண்ணட்டும். ஒலி அமைப்புல இடது வலதுன்னு ஒரு கோடு இருக்கும், அதுல ஒரு குமிழ் நடுவுல நிக்கும். அதை மெதுவா இடது பக்கம் இழுக்கட்டும். அவ்ளோதான். ஒண்ணும் கேக்கலைன்னா நாங்க போயிடறோம்."

"எதுக்கு இந்த விளையாட்டு?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணும் இல்லாத கோப்புதானே சார். குமிழை நகர்த்தினா என்ன ஆயிடப் போகுது?"

அதிகாரி யோசித்தார். மறுத்தால் அது ஒரு மாதிரி இருக்கும் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். கையை ஆட்டினார். கிளார்க் அமைப்பைத் திறந்தார், குமிழைக் கண்டுபிடித்தார்.

"பன்னிரண்டாவது நிமிஷத்துல வச்சுக்குங்க" என்றாள் டிகிரி.

குமிழ் நகர்ந்தது. மணலுக்குள்ளிருந்து முனகல்போல ஏதோ வந்தது. இன்னும் நகர்ந்தது. முனகல் சொல்லாயிற்று. முனைக்குப் பாதி வழி தாண்டியதும் அது ஒரு பெண்ணின் குரல், கோட்டின் முனைக்கு வந்தபோது அந்தக் குரல் அறையின் நாலு சுவரிலும் மோதியது.

"...கம்பி இருந்தா வேலை ஓடலன்னு சூப்பர்வைசர் சார்தான் கழட்டச் சொன்னாரு. கழட்டினது மெக்கானிக். நான் பக்கத்துல நின்னேன். ஒல்லி வேணாம் சார்னு சொன்னா. வேலை பாக்க வந்தியா வாயாட வந்தியான்னு கேட்டாரு. மறுநாள்தான் அவ கை போச்சு. இழுத்தது நான்."

யாரோ இருமும் சத்தம். அடுத்து ஓர் ஆண் குரல், பொறுமையான, பழக்கமான குரல்.

"அப்ப கவசத்தைக் கழட்டச் சொன்னது சூப்பர்வைசர்னு சொல்றீங்க. சரிம்மா. எழுதிக்கிறேன்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மேசைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பிளாஸ்டிக் பூவைப் பார்த்தார்.

"போதும். பழையபடி நடுவுல வைப்பா" என்றார்.

கிளார்க்கின் கை தானாகவே திரும்பியது. குரல் தேய்ந்து, முனகலாகி, மணலுக்குள் புதைந்தது.

"நகர்த்தாதீங்க தம்பி."

சொன்னது ஸ்பீக்கர் இல்லை. அம்மா. மேசையின் கண்ணாடிமேல் உள்ளங்கையை ஊன்றியிருந்தாள். சூட்டில் தோல் தடித்துப்போன கை. "நடுவுல வச்சா நான் பேசறது கேக்கல. அங்கயே விடுங்க."

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சனிக்கிழமை சிரித்த முகம் இப்போது சிவந்துபோயிருந்தது. குமிழை மறுபடி இடது முனைக்கு இழுத்துவிட்டு, இனி என்னால் ஆகாது என்பதுபோல மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சுருக்கம் எழுதறதுல ஏதோ பிழை நடந்திருக்கும்போல" என்று அதிகாரி ஆரம்பித்தார். "புதுசா ஒண்ணு தயார் பண்ணி, ரெண்டு நாள்ல..."

"எழுதிக்கிறேன்னு சொன்னது உங்க குரல் சார்" என்றாள் டிகிரி. "ஸ்பீக்கர்லதான் கேக்கல. ஒரு முழத் தூரத்துல உக்காந்து காதால கேட்டீங்கல்ல, அதுலயுமா பழுது?"

சூப்பர்வைசர் கால்மேல் இருந்த காலை எடுத்தார். "மரியாதையா பேசச் சொல்லுங்க சார்" என்றார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அதிகாரி பென்சில் குறி போட்ட தாளுக்காகக் கையை நீட்டினார். "அதைக் குடுத்துடும்மா. வேற போட்டுடலாம்."

டிகிரி தாளை நான்காக மடித்து, அம்மாவின் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்தாள். "இது எங்ககிட்ட இருக்கட்டும். எழுதினது யாருன்னு இன்னொரு இடத்துல கேக்க வேண்டியிருக்கு."

"இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

பதில் சொல்ல டிகிரி வாயைத் திறந்தாள். அம்மா கையால் அவளை அமர்த்தினாள். பிறகு எதிரே கிடந்த காலி நாற்காலியை, கால்கள் தரையில் கிறீச்சிட இழுத்துப் போட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைக் காட்டி மகளையும் உட்காரச் சொன்னாள்.

"சுருக்கமெல்லாம் எனக்கு வேணாம் சார். முதல்ல இருந்து போடுங்க. நான் பேசினது முப்பத்தெட்டு நிமிஷம். ஓட ஓட அந்தத் தம்பி எழுதட்டும். ஒரு வார்த்தை விடக்கூடாது. எழுதினதை என் பொண்ணு படிச்சுக் காட்டுவா. அப்புறம் என் கையெழுத்தை நானே போடறேன்."

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். வெளியே வராந்தாவில் துணிவண்டியின் சக்கரம் கடகடவென்று போயிற்று. கிளார்க் ஒரு புதுத் தாளை எடுத்தார். பேனாவை இரண்டு முறை உதறினார். பதிவைத் தொடக்கத்துக்கு இழுத்துவிட்டார்.

"உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்றது அந்தப் பொறுமையான குரல்.

ஸ்பீக்கருக்குள்ளிருந்து அம்மா தன் முழுப் பெயரையும் சொன்னாள். கிளார்க் அதை எழுதினார்.